நூலாசிரியரும் இணைய அரங்கமும்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. நூல் வெளியீடும் அப்படிப்பட்டதே. எழுதுபவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவர், விற்பவர் ஒருவர் என்று பலர் கை கொடுத்தாலும், கேட்கவும் படிக்கவும் மக்கள் வராவிட்டால் தேர் நிலையை விட்டு நகராது. அந்த மக்களை ஒன்றுகூட்டும் விழாவையே நம் முன்னோர் அரங்கேற்றம் என்றனர். இன்று அவ்வரங்கு ஒரு சிறு கைப்பேசித் திரைக்குள்ளும் வந்துவிட்டது. அத்தகைய விழாவுக்கு ஒரு நூலாசிரியர் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பதை, படித்தும் பார்த்தும் நாங்கள் அறிந்தவற்றைக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

அன்றைய அரங்கேற்றம்

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் கேட்க அரங்கேறியது என்று பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம் தெரிவிக்கிறது. கம்பர் தம் இராமகாதையைத் திருவரங்கத்திலும், சேக்கிழார் பெரியபுராணத்தைத் தில்லையிலும், கச்சியப்பர் கந்தபுராணத்தைக் காஞ்சிக் குமரகோட்டத்திலும் அரங்கேற்றினர் என்பது மரபு. அவையில் கற்றோர் வினாத் தொடுப்பர். ஆசிரியர் விடை பகர வேண்டும். அதனால்தான் பெரும்புலவர்களும் தம் நூலின் தொடக்கத்தில் அவையடக்கம் பாடினர். திருவள்ளுவரும் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரங்களை இப்பொருளுக்கு ஒதுக்கியுள்ளார். எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, எடுத்துரைக்கவும் தெரிய வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

பின்னர் அச்சு வந்தது. 1578ஆம் ஆண்டு இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல்தான். ஆயினும் அன்று முதல், ஆசிரியர் செல்ல இயலாத ஊர்களுக்கும் நூல் செல்லலாம் என்ற நிலை தமிழுக்கும் உண்டாயிற்று.

அதன் பிறகும் ஆசிரியர்கள் மக்களைத் தேடிச் செல்வதை நிறுத்தவில்லை. நம் மாவட்டத்து வத்தலக்குண்டில் வளர்ந்த சி. சு. செல்லப்பா, 1959இல் 'எழுத்து' என்னும் இதழைத் தொடங்கி நடத்தியவர். தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். அவர் மறைந்தது 1998இல். 'சுதந்திர தாகம்' என்ற நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 2001இல். அவர் இன்று இருந்திருந்தால் தோளில் மூட்டை சுமக்காமலே நூறு ஊர் வாசகர்களுடன் ஒரு மாலையில் பேசியிருக்கலாம்.

இணைய அரங்கு வந்த கதை

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நம் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். நம் வகுப்புகளைப் போலவே நூல் விழாக்களும் திரைக்குள் புகுந்தன. ஜெர்மனி நாட்டின் பிராங்க்பர்ட் புத்தகக் காட்சி அவ்வாண்டு அக்டோபரில் பெரும்பாலும் இணையத்திலேயே நடைபெற்றது. 2021 பிப்ரவரியில் ஜெய்ப்பூர் இலக்கிய விழாவும் இணையவழியே நடந்தது. பொங்கலையொட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி அவ்வாண்டு பிப்ரவரி 24க்குத் தள்ளிப்போயிற்று. நோய் தணிந்து அரங்குகள் திறந்த பின்னரும் இணைய விழா நின்றுவிடவில்லை. காரணம் எளிது. கடல் கடந்த தமிழரும், வீட்டை விட்டு வர இயலாதவரும், பேருந்துச் செலவுக்கு வழியற்றவரும் ஒரே அவையில் அமர அது இடம் தருகிறது.

இதை நாங்கள் நேரில் கண்டோம். தொப்பம்பட்டிப் பகுதியைச் சேர்ந்த அக்கா ஒருவர் நம் பள்ளியின் முன்னாள் மாணவி. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று, நூற்பாலை வேலைக்குச் சென்று, இன்று தோட்டத்தில் காய்கறி பயிரிட்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு அனுப்புபவர். இரவுகளில் எழுதிய ஒன்பது சிறுகதைகள் இவ்வாண்டு நூலாக வந்தன. பதிப்பாளர் சென்னையில் இருக்கிறார். நூலைப் பற்றிப் பேச இசைந்த பேராசிரியை கனடாவில் இருக்கிறார். காய் பறிக்கும் நாளில் அக்காவால் தோட்டத்தை விட்டுச் செல்ல இயலாது. எனவே இணையவழி வெளியீடே ஏற்றது என முடிவாயிற்று. கருவிகளைப் பார்த்துக்கொள்ள எங்கள் வகுப்பிலிருந்து ஆறு பேரைத் தலைமைச் சகோதரி அவர்கள் அனுப்பிவைத்தார்கள். அந்த இரண்டு வாரங்களில் கற்றவையே கீழே வருவன.

நாளும் நேரமும்

முதலில் நேரம் குறிக்க வேண்டும். நமக்கு வசதியான நேரம் பிறருக்கு நள்ளிரவாக இருக்கலாம். இந்தியாவில் மாலை 7 மணி என்றால் இலங்கையிலும் 7 மணி. சிங்கப்பூரில் இரவு 9.30. இலண்டனில் கோடையில் பிற்பகல் 2.30, குளிர்காலத்தில் 1.30. டொராண்டோவில் கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30. அந்நாடுகளில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றி வைப்பதே இந்த ஒரு மணி வேறுபாட்டுக்குக் காரணம். ஆகவே ஞாயிறு மாலை 7 மணி எல்லோருக்கும் ஏறக்குறைய ஒத்துவரும். அழைப்பிதழில் இந்திய நேரத்துடன் பிற நாட்டு நேரங்களையும் அச்சிட வேண்டும். பகலில் விழா வைத்தால், அன்று நம் துணைமின் நிலையத்தில் பராமரிப்புக்காக மின்நிறுத்தம் உண்டா என நாளிதழில் பார்த்துக்கொள்வதும் நன்று.

ஜூம் போன்ற செயலியைக் கட்டணமின்றிப் பயன்படுத்தினால் கூட்டம் 40 நிமிடத்தில் தானே முடிந்துவிடும். நூறு பேருக்கு மேல் சேரவும் இயலாது. எனவே கட்டணக் கணக்கு வைத்திருக்கும் பதிப்பாளரிடமோ கல்லூரியிடமோ உதவி கேட்கலாம். இல்லையேல் நிகழ்ச்சியை 35 நிமிடத்துக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஒளியும் ஒலியும்

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1853 டிசம்பரில் பர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் தம் 'கிறிஸ்துமஸ் கரோல்' கதையை மக்கள் முன் வாசித்தார். 1858 முதல் அதைத் தொழிலாகவே மேற்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். தமக்கெனத் தனி மேசை ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். தம் முகமும் கைகளும் தெளிவாகத் தெரிவதற்காக எரிவாயு விளக்குகளையும், அவற்றைக் கவனிக்க ஓர் ஆளையும் உடன் அழைத்துச் சென்றார். பேசுபவர் முகம் தெரியாவிட்டால் சொல்லும் பாதியே சென்று சேரும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நமக்கு எரிவாயு விளக்கு வேண்டாம், ஒரு குழல்விளக்குப் போதும். ஆனால் அது முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். சன்னலோ விளக்கோ முதுகுக்குப் பின்னால் இருந்தால், கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் கண் உயரத்தில் நிறுத்த வேண்டும். நாங்கள் நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்து, அதன் மேல் பாடப் புத்தகங்களை அடுக்கிச் சாய்த்து வைத்தோம். கணக்குப் புத்தகம் இப்படியும் பயன்படும் என்று அன்று அறிந்தோம்!

ஒளியைவிட ஒலி முக்கியம். படம் மங்கினால் கேட்போர் பொறுப்பர், குரல் கேட்காவிட்டால் போய்விடுவர். வெறுஞ்சுவர் அறையில் குரல் சுவரில் பட்டுத் திரும்பி எதிரொலிக்கும். கொடியில் போர்வைகளைத் தொங்கவிட்டால் துணி அந்த ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். மைக் பொருத்திய இயர்போன் அணிவது இன்னும் நல்லது. ஒரே அறையில் இரண்டு கைப்பேசிகள் கூட்டத்தில் இணைந்தால், ஒன்றின் ஒலி மற்றொன்றின் மைக்கில் புகுந்து ஊளையிடும். ஆகவே ஒன்றின் ஒலியை முழுவதும் அடைத்துவிட வேண்டும்.

இணைய வேகத்திலும் ஒரு நுட்பம் உண்டு. நாம் படம் பார்ப்பது பதிவிறக்க வேகத்தால். நம் முகமும் குரலும் பிறரிடம் செல்வது பதிவேற்ற வேகத்தால். நூலாசிரியருக்கு இரண்டாவதே பெரிது. விநாடிக்கு 1 முதல் 3 மெகாபிட் வரை பதிவேற்ற வேகம் இருந்தால் கவலையில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி அல்லது அதற்கு மேலும் டேட்டா செலவாகும். கைப்பேசியை முழுவதும் சார்ஜ் செய்வதோடு, வேறு நிறுவனத்தின் சிம் உள்ள மற்றொரு கைப்பேசியையும் ஆயத்தமாக வைத்திருப்பது அறிவுடைமை.

எதை வாசிப்பது?

நூல் முழுவதையும் வாசிக்க இயலாது. நீண்ட நேரம் வாசித்தால் திரைக்கு அப்பால் இருப்போர் சோர்ந்துவிடுவர். ஏழு அல்லது எட்டு நிமிடம் போதும். கதையின் முடிவை வெளிப்படுத்தாத, பேச்சு நிறைந்த ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தல் நலம். டிக்கன்ஸ் தம் நூலை அப்படியே வாசிக்கவில்லை. வாசிப்பதற்கென்றே தனிப் பிரதி வைத்துக்கொண்டு, தேவையற்ற வரிகளை அடித்தார். எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே கை அசைக்க வேண்டும் என்று ஓரத்தில் குறித்தார். நாங்களும் அக்காவின் நூலில் பென்சிலால் அவ்வாறே குறித்தோம். கடிகாரம் வைத்துப் பார்த்ததில் ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று தீர்மானித்தோம்.

முதல் ஒத்திகையில் அக்கா மேடைப் பேச்சாளர் போல் வாசித்தார். கதையில் வரும் கிழவிகூட இலக்கணச் சுத்தமாகப் பேசினாள். எங்கள் தமிழாசிரியை அவர்கள் புன்னகையுடன், "நீ எழுதியபோது அந்தக் கிழவி எப்படிப் பேசினாளோ, அப்படியே பேச விடம்மா" என்றார்கள். மறுமுறை வாசித்தபோது எங்களுக்கே எங்கள் பாட்டி நினைவுக்கு வந்தார். நம் ஊர்ப் பேச்சைக் குறித்து நாணத் தேவையில்லை என்பதை நாங்கள் அனைவரும் உணர்ந்தோம்.

மற்றொரு குறையும் அப்போது தெரிந்தது. நம் வீடுகளில் கதை சொல்லும்போது கேட்பவர் "உம்" கொட்டுவது வழக்கம். அது நின்றால் பாட்டி, "தூங்கிட்டியா?" என்பார். இணையக் கூட்டத்திலோ எல்லோருடைய மைக்கும் அடைக்கப்பட்டிருக்கும். சிரிப்பும் கேட்காது, கைதட்டலும் கேட்காது. ஆசிரியர் கிணற்றுக்குள் பேசுவது போல் திகைத்துவிடுவார். எனவே கேமராவுக்குப் பின்னால் எங்களில் இருவர் அமர்ந்து, ஓசையின்றித் தலையசைத்து "உம்" கொட்டினோம். செலவில்லாத இந்த ஏற்பாடு எல்லாவற்றிலும் சிறந்ததாக இருந்தது.

நெறியாளரும் காவலும்

ஆசிரியர் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள இயலாது. பேசுவோரை அறிமுகம் செய்து நேரத்தைக் காக்க ஒரு நெறியாளர் வேண்டும். கதவருகே நிற்பவர் போல், வருவோரை உள்ளே விட ஒருவர் வேண்டும். 2020இல் இணையக் கூட்டங்கள் பெருகியபோது, முன்பின் அறியாதோர் உள்ளே புகுந்து தகாத படங்களைக் காட்டிக் கலைத்த நிகழ்ச்சிகள் பல நாடுகளில் நடந்தன. இதைத் தடுக்க வழி உண்டு. வருவோரைக் காத்திருப்பு அறையில் நிறுத்திப் பெயர் பார்த்து விடலாம். நுழையும்போதே மைக்கை அடைத்து, திரையைப் பகிரும் உரிமையை நிகழ்ச்சி நடத்துவோரிடம் மட்டும் வைக்கலாம். பதிவு செய்வதாக இருந்தால் தொடக்கத்திலேயே அனைவருக்கும் அறிவித்துவிட வேண்டும். கேமராவில் தெரியும் சுவரில் முகவரி, கைப்பேசி எண், குழந்தைகளின் படம் முதலியன இல்லாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

நூலின் பெயர், பதிப்பகம், பக்கம், விலை, அஞ்சல் செலவு, 13 இலக்கங்கள் கொண்ட ஐஎஸ்பிஎன் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையருகே வைத்திருக்க வேண்டும். "நூல் எங்கே கிடைக்கும்?" என்ற கேள்விக்கு ஆசிரியர் விழித்தால், வாங்க நினைத்தவரும் மறந்துவிடுவார்.

கடினமான கேள்வி

எல்லாக் கேள்விகளும் இவ்வளவு எளியவை அல்ல. அக்காவின் கதைகளில் ஒன்று, பத்தாம் வகுப்பில் நன்றாகப் படித்த பெண்ணைத் தந்தை நூற்பாலைக்கு அனுப்புவது பற்றியது. "இது உங்கள் சொந்தக் கதையா?" என்று யாராவது கேட்பார்கள் என அக்கா அஞ்சினார். அவருடைய தந்தையார் அதே வீட்டில் இருக்கிறார். ஊராரும் கேட்பார்கள். "அந்தக் கேள்வி வந்தால் லைனைத் துண்டித்துவிடுங்கள், பிள்ளைகளா" என்றே எங்களிடம் சொல்லிவிட்டார்.

தமிழாசிரியை அவர்கள் அதற்கு உடன்படவில்லை. அஞ்சும் கேள்விகள் மூன்றைத் தாளில் எழுதச் செய்து, ஒவ்வொன்றுக்கும் சொல்லக் கூடியது எது, சொல்ல விரும்பாதது எது என்று பிரித்து எழுதப் பணித்தார்கள். "எல்லாவற்றுக்கும் விடை சொல்லும் கடமை ஆசிரியருக்கு இல்லை. பொய் சொல்லாமலும் பிறரை நோகச் செய்யாமலும் இருந்தால் போதும்" என்றார்கள். நூலாசிரியருக்கு மட்டுமன்றி நம் அனைவருக்கும் இது பொருந்தும் அல்லவா?

விழா நாள்

ஆவணி மாதத்து ஞாயிறு. மாலை 6 மணிக்கு எல்லாம் ஆயத்தம். அப்போது அடுத்த தெருவில் காதுகுத்து விழா வீட்டிலிருந்து ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கியது! போர்வைகள் என்ன செய்யும்? அக்கா தாமே சென்று கேட்டுக்கொண்டார். அவர்கள் முகம் சுளிக்காமல் ஒரு மணி நேரம் பாட்டை நிறுத்தியதோடு, "நம்ம ஊருப் பிள்ளை புத்தகமா?" என்று பத்துப் பதினைந்து பேர் முற்றத்துக்கே வந்து அமர்ந்துவிட்டனர். அக்காவின் தந்தையாரும் திண்ணையோரம் வந்து உட்கார்ந்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அஞ்சிய கேள்வி வந்தே விட்டது. கடல் கடந்த நாட்டிலிருந்து ஓர் அம்மையார் கேட்டார். அக்கா சற்று நேரம் பேசவில்லை. கைப்பேசிக்குப் பின்னால் இருந்த எங்களுக்கு "உம்" கொட்டவும் மறந்துவிட்டது. பிறகு அவர் அமைதியாகச் சொன்னார்: "என்னோடு படித்த நாலைந்து பேருக்கும் நடந்த கதைங்க அது. 2002லும் 2003லும் மழை இல்லை. எங்க கிணறு வறண்டுபோச்சு. அப்பா ராத்திரி எந்திரிச்சு அந்தக் கிணத்தைப் போய்ப் பார்த்துட்டு வருவார். அதையும் கதையில எழுதியிருக்கேன். முழுசாப் படிச்சுப் பாருங்க."

வேறு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கூட்டம் முடிந்து நாங்கள் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியவர் எழுந்து வந்தார். "கண்ணு, அந்தக் கிணத்துக் கதை எத்தனாவது பக்கம்?" என்று கேட்டார். பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தோம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நாங்கள் மரக்காலின் முன் வைத்திருந்த விளக்கின் அருகே அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். அந்த விளக்கை மட்டும் எடுக்காமல் விட்டுவிட்டு வந்தோம்.

முடிவுரை

தோழியரே! நம்மிலும் பலர் நாளை நூல் எழுதலாம். நேரம் குறித்தல், ஒளியும் ஒலியும் சரிபார்த்தல், வாசிக்கும் பகுதியைச் சுருக்குதல், நல்ல துணைவரைச் சேர்த்தல், ஒத்திகை பார்த்தல் ஆகியவை யாவரும் கற்கக் கூடியவை. ஆனால் கேள்வி வரும்போது உண்மையும் அன்பும் ஒருசேர விடை சொல்ல, நூலை எழுதும்போதே ஆயத்தமாக வேண்டும். தந்தையின் துயரத்தையும் தம் கதையில் எழுதியிருந்ததால்தான் அந்த அக்காவால் அவர் முன்னிலையில் தலைநிமிர்ந்து பேச முடிந்தது. நாமும் நல்லன எழுதுவோம். எழுதியதை அஞ்சாது எடுத்துரைப்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி